எழுதி வாங்குங்கள், பிறகு மாறுங்கள்

(நம் குடியிருப்போர் நலச்சங்கம் ஞாயிறு மாலை நடத்திய கல்வி வழிகாட்டல் கூட்டத்தில், கல்லூரித் தேர்வுப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



தண்ணீர் லாரி, லிஃப்ட், பார்க்கிங் ஆகிய மூன்றையும் விட்டுவிட்டு, பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச சங்கம் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறது. அதற்கு முதலில் நன்றி.

நம் பகுதியை நினைத்துப் பாருங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் டிப்ளமோ முடித்து ஷிப்ட் வேலை பார்க்கும் இளைஞர்கள் இங்கே நிறைய. பி.இ. இருந்தால்தான் அடுத்த பதவி என்ற நிலையில் இருப்பவர்கள் அவர்கள். அப்பாவுக்குப் பணிமாற்றம் வந்ததால் பாதிப் படிப்பில் கல்லூரி மாற வேண்டிய பிள்ளைகள் உண்டு. எல்லாப் பாடமும் முடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது பட்டம் நின்றுபோன பிள்ளைகளும் உண்டு. இந்த மூன்று பேருக்கும் நான் சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். பாடத்தில் தேர்ச்சி பெறுவது வேறு. அந்தத் தேர்ச்சி பட்டத்தின் கணக்கில் சேர்வது வேறு. சேருமா சேராதா என்பதை மாறுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

நமக்குப் பழக்கமான ஒன்றை வைத்துச் சொல்கிறேன். பழைய குடியிருப்பில் ஒரு வருட மெயின்டனன்ஸை முன்கூட்டியே கட்டியிருக்கிறீர்கள். ரசீது உண்மை, பணமும் உண்மை. அந்த ரசீதை இங்கே கொண்டுவந்து நீட்டினால் நம் பொருளாளர் வரவு வைப்பாரா? கிரெடிட்டும் அப்படித்தான். ஓரிடத்தில் சம்பாதித்தது இன்னோரிடத்தில் தானாக வரவாகாது. அந்த இடத்தின் விதி ஏற்றுக்கொண்டால்தான் வரவாகும்.

கிரெடிட் என்றால் என்ன என்று பெற்றோர் பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அண்ணா பல்கலைக்கழக முறையில், வாரத்துக்கு ஒரு பீரியட் வகுப்பு நடந்தால் ஒரு கிரெடிட். செய்முறை வகுப்பு என்றால் இரண்டு பீரியடுக்கு ஒரு கிரெடிட். ஒரு பாடத்துக்கு வாரம் மூன்று பீரியட் வகுப்பும் இரண்டு பீரியட் ஆய்வகமும் இருந்தால் அது நான்கு கிரெடிட் பாடம். தேர்ச்சி பெற்றால் நான்கும் கணக்கில் ஏறும். பெறாவிட்டால் நான்கும் ஏறாது. மூன்றரை என்று எதுவும் கிடையாது.

பட்டத்துக்கு இத்தனை கிரெடிட் வேண்டும் என்று ஒரு மொத்த எண் இருக்கும். பிள்ளைகள் அந்த எண்ணை மட்டும்தான் பார்க்கிறார்கள். அது போதாது. அந்த மொத்தம் பல பெட்டிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கட்டாயப் பாடம் ஒரு பெட்டி, துறை சார்ந்த விருப்பப் பாடம் ஒரு பெட்டி, பிற துறை விருப்பப் பாடம் ஒரு பெட்டி, புராஜெக்ட் ஒரு பெட்டி. ஒரு பெட்டி நிரம்பி வழிந்தாலும் பக்கத்துப் பெட்டிக்கு அது போகாது. விருப்பப் பாடம் இரண்டு கூடுதலாக முடித்த மாணவனுக்குக் கணக்குப் பாடத்தில் ஓர் அரியர் இருந்தால், அந்த அரியர் அப்படியேதான் இருக்கும்.

கலை அறிவியல் கல்லூரிகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இளநிலைப் பட்டத்தில் ஐந்து பகுதிகள். முதல் பகுதி மொழி, இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது முதன்மைப் பாடமும் அதன் துணைப் பாடங்களும், நான்காவது சுற்றுச்சூழல் கல்வி போன்றவை, ஐந்தாவது விரிவாக்கப் பணி. முதல் வகுப்பா இரண்டாம் வகுப்பா என்று தீர்மானிக்கும்போது நான்காவது, ஐந்தாவது பகுதிகளின் மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. அதனால் பிள்ளைகள் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் அந்தப் பகுதிகளை முடிக்காமல் பட்டம் வராது. வகுப்புக்கு வேண்டாதது பட்டத்துக்கு வேண்டும்.

நம் எல்லைப் பகுதிக்கென்றே உள்ள ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல. பிள்ளைகள் முதல் பகுதியில் தமிழ் அல்லாத மொழியை எடுத்திருப்பார்கள். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழே படிக்காதவர்களுக்கு நான்காவது பகுதியில் அடிப்படைத் தமிழ் உண்டு. பள்ளியில் தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் வேறு மொழி எடுத்தவர்களுக்குச் சிறப்புத் தமிழ் உண்டு. வெளி மாநிலத்திலிருந்து பாதியில் வந்து சேரும் பிள்ளைக்கு இந்தப் பாடம் முந்தைய கல்லூரியில் இருந்திருக்காது. சேரும்போதே கேட்டுவிட்டால் அடுத்த செமஸ்டரிலேயே முடித்துவிடலாம். கேட்காவிட்டால் கடைசி வருடத்தில் தெரியவரும்.

இப்போது டிப்ளமோ தம்பிகளுக்கு. மூன்று வருட டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். லேட்டரல் என்ட்ரி என்று சொல்கிறோமே, அதுதான். இதில் டிப்ளமோவின் ஒவ்வொரு பாடத்தையும் எடுத்து வைத்து கிரெடிட் கணக்குப் பார்ப்பதில்லை. மொத்த டிப்ளமோவையும் முதலாம் ஆண்டுக்கு ஈடாக ஏற்றுக்கொண்டு மூன்றாம் செமஸ்டரில் உட்கார வைக்கிறார்கள். சலுகை பெரிதுதான். ஆனால் முதலாம் ஆண்டில் மற்றவர்கள் படித்த கணக்கை நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். மூன்றாம் செமஸ்டர் கணக்கு அதன் மேல்தான் தொடங்கும். சேர்க்கை உறுதியானதும் வகுப்பு தொடங்கும் வரை உள்ள வாரங்களை அந்தக் கணக்குக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டில் சேரலாம். வருடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பத்தாவதுக்குப் பிறகு பிளஸ் டூ இரண்டு, பி.இ. நான்கு, ஆக ஆறு வருடம். டிப்ளமோ மூன்று, பி.இ. மூன்று, அதுவும் ஆறு. ஐ.டி.ஐ. இரண்டு, டிப்ளமோ இரண்டு, பி.இ. மூன்று, ஆக ஏழு. ஐ.டி.ஐ. போன பிள்ளை பின்தங்கிவிட்டான் என்று உறவினர்கள் பேசுவார்கள். வித்தியாசம் ஒரே ஒரு வருடம். அதுவும் கையில் ஒரு தொழிலோடு.

வேலையை விடாமல் பி.இ. படிக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. இதில்தான் கவனம் வேண்டும். அஞ்சல் வழியில் பொறியியல் பட்டம் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஒடிசா மாநிலத்தின் பாசனக் கழகம் ஒன்றில் பதவி உயர்வு பற்றி எழுந்த வழக்கு அது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதி இல்லாமல் அஞ்சல் வழியில் கொடுத்த பொறியியல் பட்டங்களை நீதிமன்றம் ஆராய்ந்தது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டங்களை நிறுத்தி வைத்து, தனித் தேர்வு எழுதித் தேறினால்தான் மீட்டுக்கொள்ளலாம் என்றது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்களைச் செல்லாது என்றே சொல்லிவிட்டது. படித்தவர்கள் பணம் கட்டியிருந்தார்கள், தேர்வு எழுதியிருந்தார்கள், அந்தப் பட்டத்தை வைத்துப் பதவி உயர்வும் வாங்கியிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அவர்களுக்கு வந்த செய்தி இது.

சரியான வழி வேறு இருக்கிறது. வேலை பார்ப்பவர்களுக்காக மாலை நேரத்திலோ வசதியான நேரத்திலோ பி.இ. நடத்த, அனுமதி பெற்ற கல்லூரிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. 2023-இல் வழி செய்தது. இதிலும் இரண்டாம் ஆண்டில்தான் சேர்க்கை. குறைந்தது ஒரு வருடப் பணி அனுபவம் வேண்டும். வேலை செய்யும் இடம் கல்லூரியிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி சென்னையிலிருந்து ஏறக்குறைய 45 கிலோமீட்டர். ஆகவே நகரின் வடபகுதிக் கல்லூரி என்றால் சிக்கல் குறைவு, தென்கோடிக் கல்லூரி என்றால் தூர வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும் முன் இரண்டைப் பாருங்கள். அந்தக் கல்லூரிக்கு, அந்தப் பாடப்பிரிவுக்கு, இந்த வருடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று ஏ.ஐ.சி.டி.இ. இணையதளத்தில் பாருங்கள். உங்கள் ஷிப்ட் மாறும்போது வருகைப் பதிவு என்னாகும் என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். 75 சதவீத வருகை இல்லாமல் தேர்வு எழுதவிட மாட்டார்கள்.

இன்னொரு ஆசையும் நம்மிடையே உண்டு. பத்தாவதோடு நின்றுவிட்டேன், நேராக ஒரு எம்.ஏ. வாங்கிவிடலாமா என்று நாற்பது வயதுக்காரர்கள் கேட்பார்கள். இளநிலைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் நேரடியாகப் பெற்ற முதுநிலைப் பட்டம் செல்லாது என்று 2009-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கும் தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். அரசு வேலைக்குப் பத்தாவது, பிளஸ் டூ, இளநிலை என்ற வரிசை முக்கியம். படி தாண்டாதீர்கள். நாற்பது வயதில் பிளஸ் டூ எழுதுவதில் வெட்கம் எதுவும் இல்லை.

அடுத்தது கல்லூரி மாறும் பிள்ளைகள். டி.சி. கிடைத்துவிட்டது, இனி பிரச்சினை இல்லை என்று நினைக்கிறோம். டி.சி. என்பது நீங்கள் ஒரு கல்லூரியை விட்டு வந்தீர்கள் என்பதற்கான சான்று மட்டுமே. முடித்த பாடங்கள் புதிய இடத்தில் ஏற்கப்படும் என்று அது சொல்லவில்லை.

ஒரே பல்கலைக்கழகத்தின் இரண்டு இணைப்புக் கல்லூரிகள் என்றால் பாடத்திட்டம் ஒன்றுதான். காலியிடமும் இரண்டு கல்லூரிகளின் சம்மதமும் மேலிட அனுமதியும் கிடைத்துவிட்டால் பாடக் கணக்கில் சிக்கல் குறைவு. ஆனால் இரண்டில் ஒன்று தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் நிலைமை வேறு. பட்டம் அதே பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வரும். பாடத்திட்டமோ அந்தக் கல்லூரி தானே வகுத்துக்கொண்டது. நீங்கள் அங்கே மூன்றாம் செமஸ்டரில் படித்தது இங்கே ஐந்தாம் செமஸ்டரில் இருக்கலாம். இங்கே மூன்றாம் செமஸ்டரில் உள்ளது அங்கே இல்லாமலே போகலாம். விடுபட்ட பாடங்களைக் கூடுதலாக எழுதச் சொல்வார்கள். நடப்பு செமஸ்டர் பாடங்களோடு சேர்த்து எழுத வேண்டும்.

பல்கலைக்கழகமே மாறினால் இன்னும் கவனம். நம் மாவட்டத்தில் பெயரே குழப்பும். திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி, திருத்தணி அரசுக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வேலூர்ப் பக்கத்தில் இருக்கிறது. திருத்தணியிலிருந்து ரயிலில் ஏறி அடுத்த ஊர்போல அரக்கோணத்தில் இறங்கினால் மாவட்டமும் மாறிவிடும், பல்கலைக்கழகமும் மாறிவிடும். வடக்கே ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் மாநிலமே மாறிவிடும். பயண தூரத்தை வைத்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் நமக்கு இது தெரிவதே இல்லை. பல்கலைக்கழகம் மாறினால் டி.சி. போதாது, இடப்பெயர்வுச் சான்றிதழ் வேண்டும். பாடத்துக்குப் பாடம் ஒப்பிட்டுப் பார்த்து ஏற்பார்கள். அந்த ஒப்பீட்டுக்குப் பழைய கல்லூரியின் பாடத்திட்டப் புத்தகம், பாட விவரங்களோடு, முத்திரை வைத்த பிரதியாகத் தேவைப்படும். கல்லூரியை விட்டு வரும் நாளிலேயே அதை வாங்கிவிடுங்கள்.

அசல் சான்றிதழ்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018 அக்டோபரில் தெளிவாக அறிவித்திருக்கிறது. சேர்க்கையின்போது சரிபார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கட்டண பாக்கியைக் காட்டிப் பத்தாவது மார்க் ஷீட்டை வைத்துக்கொண்டால் இந்த அறிவிப்பைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள்.

படிப்பை நிறுத்திவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. உடல்நலம், குடும்பக் கஷ்டம், ஏதோ ஒரு காரணத்தால் ஒரு வருடம் நின்றுபோகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தில் விதிமுறை 2013, விதிமுறை 2017, விதிமுறை 2021 என்று நான்கு வருடத்துக்கொரு முறை பாடத்திட்டம் மாறிவருகிறது. திரும்பச் சேரும்போது எந்த விதிமுறை நடப்பில் இருக்கிறதோ அதுதான் உங்களுக்கு. பழைய நண்பர்களின் பாடப் பட்டியலைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தால் கூடுதல் பாடங்கள் இருப்பது கடைசியில்தான் தெரியும். காலக் கடிகாரமும் நிற்காது. நான்கு வருட பி.இ.யை அதிகபட்சம் 14 செமஸ்டருக்குள் முடிக்க வேண்டும். லேட்டரல் என்ட்ரி மாணவர்களுக்கு 12 செமஸ்டர். முதலில் சேர்ந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். நீங்கள் நின்றுபோன வருடமும் அதில் சேர்த்தி.

இப்போது எல்லோரும் பேசும் கிரெடிட் வங்கி. யு.ஜி.சி. 2021 ஜூலையில் இதற்கான விதிகளை வெளியிட்டது. மாணவருக்கு 12 இலக்க எண் ஒன்று கிடைக்கும். படித்த கிரெடிட்டுகளைக் கல்லூரி அந்த எண்ணில் ஏற்றும். டிஜிலாக்கரில் பார்க்கலாம். கிரெடிட்டுகளை அதிகபட்சம் ஏழு வருடம் வரை பயன்படுத்தலாம். பட்டம் தரும் நிறுவனத்தில் குறைந்தது பாதி கிரெடிட்டாவது படித்திருக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். பெயரில் வங்கி என்று இருப்பதால் ஏ.டி.எம்.மில் எடுப்பதுபோல எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு பாஸ்புக். உங்களிடம் என்ன இருக்கிறது என்று காட்டும். அதைத் தன் பட்டத்தில் ஏற்பதா வேண்டாமா என்பது சேரும் கல்லூரியின் முடிவு. மேலும் இந்த வங்கி தேசியக் கல்விக் கொள்கையின் ஏற்பாடுகளில் ஒன்று. தமிழ்நாடு அரசு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. இடையில் வெளியேறி இடையில் நுழையலாம் என்று இணையத்தில் பார்ப்பதை நம் மாநிலக் கல்லூரியிலும் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் எண்ணை உருவாக்கிக்கொள்ளுங்கள். பெயரும் பிறந்த தேதியும் ஆதாரிலும் கல்லூரிப் பதிவேட்டிலும் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தலைப்பெழுத்து முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் இருந்தாலே கிரெடிட் ஏறாமல் நிற்கும்.

ஸ்வயம் இணையப் பாடங்களும் இப்படித்தான். ஒரு செமஸ்டரில் 40 சதவீதம் வரை இணையப் பாடங்களை ஏற்கலாம் என்று யு.ஜி.சி. விதி சொல்கிறது. ஏற்கலாம் என்பதுதான் அங்குள்ள சொல். உங்கள் கல்லூரி எத்தனை ஏற்கிறது, எந்தப் பாடத்துக்குப் பதிலாக ஏற்கிறது என்று தெரிந்துகொண்டு, முன்அனுமதிக் கடிதம் வாங்கிய பிறகு பதிவு செய்யுங்கள். சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்து அனுமதி கேட்டால் அது வீட்டுச் சுவரில் மாட்டத்தான் உதவும்.

மாறாக, நான் முதல்வன் திட்டப் பாடங்களைப் பிள்ளைகள் கூடுதல் பயிற்சி என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். 2022-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் பாடங்கள் பல கல்லூரிகளில் பாடத்திட்டத்திலேயே கிரெடிட்டோடு இருக்கின்றன. முடிக்காவிட்டால் அதுவும் ஓர் அரியர்தான்.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் ஆலோசக ஆசிரியர் இருப்பார். முதலில் அவரிடம். பிறகு துறைத் தலைவர், அதன் பிறகு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம். சீனியர் அண்ணன் சொன்னது அவருடைய விதிமுறைக்குப் பொருந்தும், உங்களுடையதற்குப் பொருந்தாமல் போகலாம். ஏஜென்ட் சொல்வது அவருடைய கமிஷனுக்குப் பொருந்தும்.

கேட்க வேண்டியவை ஐந்து. எந்த விதிமுறையின் கீழ் என்னைச் சேர்க்கிறீர்கள்? நான் முடித்தவற்றில் எவையெல்லாம் ஏற்கப்படும்? கூடுதலாக எவற்றை எழுத வேண்டும்? எந்த செமஸ்டரில் உட்காருவேன்? எந்தத் தேதிக்குள் பட்டத்தை முடிக்க வேண்டும்? இந்த ஐந்துக்கும் கையெழுத்தும் முத்திரையும் உள்ள பதில் கைக்கு வந்த பிறகு பணத்தைக் கட்டுங்கள். வாயால் சொன்னவர் அடுத்த வருடம் அந்த நாற்காலியில் இருக்க மாட்டார்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்குக் கல்லூரிக் கூட்டத்துக்குப் போக நேரம் இருக்காது, தெரியும். செமஸ்டருக்கு ஒரு முறை, பதினைந்து நிமிடம் போதும். கிரேடு ஷீட்டையும் விதிமுறைப் புத்தகத்தின் பாடப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முடித்ததற்கு நேரே டிக் போடச் சொல்லுங்கள். அரியர் இருப்பதை மறைக்கும் பிள்ளை பெரும்பாலும் திட்டுக்குப் பயந்துதான் மறைக்கிறது. முதல் டிக் பட்டியல் அன்று திட்டாதீர்கள். ஏழாம் செமஸ்டர் தொடங்கும்போது இந்தப் பட்டியலை ஆலோசக ஆசிரியரிடம் கொடுத்து, பட்டத்துக்கு இன்னும் என்ன பாக்கி என்று எழுதி வாங்கச் சொல்லுங்கள். கம்பெனி வேலைக்கான கடிதம் கையில் இருக்கும், சேரும் தேதியும் இருக்கும், தற்காலிகப் பட்டச் சான்றிதழ் மட்டும் வராது. அந்த நிலை நம் வீட்டுப் பிள்ளை யாருக்கும் வர வேண்டாம்.

சங்க அலுவலகத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை நான் இருப்பேன். கிரேடு ஷீட், விதிமுறைப் புத்தகம், இரண்டின் பிரதியோடும் வாருங்கள். அசலை வீட்டிலேயே பத்திரமாக வையுங்கள். ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் அச்சிட்டு லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.